ஒன்றாம் எண் கூண்டு

முதலில் கொட்டாவி.
தூக்கத்தில் வருவதல்ல.
நண்டு வளை பறிப்பதுபோல்
தாடையைப் பறித்துக்கொண்டு
பன்னிரண்டு, பதினைந்து.
"ராத்திரி எங்கடா போன?" என்பான் கலிவரதன்.
சிரித்துவிட்டு வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொள்வேன்.

அப்புறம் இனிப்பு.
துறைமுக வாசல் டீக்கடையில்
எனக்கே வெட்கமாக மூன்று தேங்காய் பன்.
கழுத்து மரக்கட்டையாகும்;
ஹெல்மெட் கனம் என்றார் மேஸ்திரி.
அரை மணிக்கொரு தரம் ஒண்ணுக்கு ஓடுவேன்;
சர்க்கரை பார் என்றாள் அஞ்சலாட்சி.
பார்த்தேன். இல்லை.

மறுநாள்
விசைப்படகின் அடித்தகட்டில்
நெருப்பு தொடும் முன்பே வெளிச்சம்.
மெஷின் அணைந்துதான் இருக்கிறது.
கண்ணை மூடினாலும் அணையாத
ரம்பப் பல் விளிம்பு ஒன்று
இடப்பக்கம் முளைத்து, வளைந்து,
பக்கிரியின் முகத்தில் பாதியைத் தின்று
இருபது நிமிடத்தில் நகர்ந்து போகும்.
விரல் நுனியில் மரப்பு ஏறி
முழங்கை தாண்டி
உதட்டோரம் வந்து உட்காரும்.
"அதை எடு" என்பேன்.
"எதை?"
அதற்கு ஒரு பேர் உண்டு.
இருபத்திரண்டு வருஷமாய்க் கையில் பிடிப்பது.
"அதான்... அந்தக் குச்சி..."
பக்கிரி சுத்தியலைக் கொடுப்பான்.

தலைவலி இதற்கெல்லாம் பிறகுதான்.
அதைச் சொல்ல ஆணி, சம்மட்டி என்று
ஊரில் நிறையச் சொல் இருக்கிறது.
எனக்குச் சொல்லத் தெரியாதவை
அதைச் சுற்றி நின்றவை.
கருவாட்டு வாடை தொண்டைக்குள் கைவிடுவது,
தண்ணீர்கூடத் தங்காமல் வயிறு கவிழ்வது,
சீப்பு பட்டால் மயிர்க்கால் எரிவது,
கத்திரி வெயிலில் பாதம் சில்லிடுவது.
இருட்டாக்கிய அறைக்கு வெளியே
மகள் ஒரு ஸ்பூனைத் தவறவிட்டாள்.
கை ஓங்கினேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வயிற்றுக்கு ஒருவர், சைனஸ் என்று ஒருவர்,
இரண்டு முறை கண்ணாடி, கழுத்துக்குப் பட்டை.
"ஆம்பளைக்கு என்னடா தலைவலி" என்று
குவார்ட்டர் நீட்டினான் கலிவரதன்.
ஆளுக்கு ஒரு துண்டாய் என்னை வைத்துக்கொண்டு
யாரும் யாரிடமும் காட்டவில்லை.

ஜிப்மரில் விடிவதற்குள் வரிசை.
உள்ளே போக மதியமாயிற்று.
சின்ன வயது டாக்டரம்மா
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"சுத்தமா இருக்கு" என்றார்.
எனக்கு அழுகை வந்தது.
ஒரு புள்ளி, ஒரு கீறல் இருந்திருக்கலாம்
கலிவரதனிடம் காட்ட.
படத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:
"முந்தின நாளு கொட்டாவி வருமா?"

பதினாறு வருஷத்தில்
ஒருவரும் கேட்காத கேள்வி.

மூளையின் நோய் என்றார்.
தலைவலி அதில் ஒரு பங்கு.
படத்தில் விழாது; இது புண் அல்ல,
மூளை வேலை செய்கிற விதம்.
கொட்டாவி, பன், வெளிச்சம், பாதம், மறந்த பேர்
எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினார்.
ஒரே தாள்.

பேருந்து கன்னியக்கோயில் தாண்டும்போது நினைத்துக்கொண்டேன்.
துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிற கம்பத்துக்கு
போன ஐப்பசியில் ஏணி பற்றவைத்தது நான்.
அன்று வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு.
அலைகூட இல்லை.
ஒன்றாம் எண் கூண்டு ஏறியதும்
"மழையே காணோம், நடிக்கிறியா?" என்று
கடலை யாரும் கேட்கவில்லை.
படகை இழுத்துக் கட்டினார்கள்.
நானூறு கல்லுக்கு அப்பால் ஏதோ சுழல,
இங்கே முகத்துவாரத்தில் நீர் நிறம் மாறும்,
தேவனாம்பட்டினத்தில் தென்னை சாயும்,
குறிஞ்சிப்பாடியில் வாழை,
மஞ்சக்குப்பத்தில் கரண்ட்.
தென்னைக்கு வந்த வியாதி என்று
எந்த ஊரிலும் சொல்வதில்லை.

தீர்ந்துவிடவில்லை.
மாதம் ஆறு, மூன்றாகியிருக்கிறது.
இன்று காலை தகட்டின் மேல் குனிந்தபடி
நாலாவது கொட்டாவி வந்தபோது சொன்னேன்:
"கூண்டு ஏத்தியாச்சு."
கலிவரதன் எதற்கோ வாய் திறந்தான்,
மூடினான்,
என் கேபிளைச் சுருட்டத் தொடங்கினான்.

அந்தக் குச்சியின் பேர் ராடு.
இப்போதே சொல்லிவைக்கிறேன்.